ஓய்வுநாளும் இரக்கமும்

மட்டக்களப்பு வாவியின் கடற்புறக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பகுதி மக்களின் மரபு. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்களுள், படுவான்கரையார் பெரிதும் வயலை நம்பியே வாழ்ந்து வந்தவர்கள். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்வோர் காணும் பழுகாமம் அவ்வயல் நிலத்தின் தொன்மையான ஊர்களுள் ஒன்று. திரௌபதை அம்மன் கோயிலும் அங்கு நிகழும் தீமிதிப்பும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. நோன்பிருந்து, உண்பன விலக்கி, தூய்மை காத்துத் தீயில் இறங்கும் அடியார்களைக் கண்ட ஓர் ஊருக்கு, நாளும் நியமமும் எத்துணைப் பாரமானவை என்பதை எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. வயலிலும் அவ்வாறே. மாடுகளைக் கொண்டு நெல் மிதித்த காலத்தில் மட்டக்களப்புக் களவெட்டியில் அன்றாடச் சொற்கள் பலவற்றை வாயெடுத்துச் சொல்லுதல் ஆகாது. அவற்றுக்கு ஈடாக வேறு சொற்கள் இருந்தன. சொல்லைக்கூட நியமத்துள் வைத்த சமுதாயம் அது.

இத்தகைய ஊரொன்றிலிருந்து நோக்கும்போது விவிலியத்தில் வரும் ஒரு வினா தனிப்பொருள் பெறுகின்றது. ஓய்வுநாளிலே குழியில் அல்லது கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாமா, ஆகாதா என்பதே அவ்வினா. விரிவுரை மண்டபத்தில் இது சமயத் தத்துவத்தின் ஒரு சிறு சிக்கலாகத் தோன்றக்கூடும். மாட்டைக் கொண்டே உழுது, மாட்டைக் கொண்டே சூடடித்த மக்களுக்கு அது அடுத்த போகத்துச் சோற்றைப் பற்றிய வினா. யூதேயா, கலிலேயா ஆகிய நாடுகளில் அவ்வினாவை முதலிற் கேட்டவர்களும் இத்தகைய உழவரும் மேய்ப்பருமே என்பதை மறந்துவிட்டால், இரக்கத்துக்கும் நியமத்துக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வழக்கின் உயிர்நிலை புலப்படாது.

ஓய்வுநாட் கட்டளை பழைய ஏற்பாட்டில் இருமுறை விரிவாக வருகின்றது. இருமுறையும் ஒரே காரணம் கூறப்படவில்லை. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகக் கூறும்: ஆறு நாளிற் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தான், ஆதலால் மனிதனும் ஓய்க என்பது அதன் கருத்து. உபாகமம் 5ஆம் அதிகாரமோ வேறொன்றைக் கூறும். எகிப்திலே நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள். உன் அடிமையும் அடிமைப்பெண்ணும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பது அதன் கருத்து. முதலாவது காரணம் வானத்தை நோக்குகின்றது. இரண்டாவது காரணம் வயலை நோக்குகின்றது. யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி கீழிறங்கி, எருதும் கழுதையும் ஓய்வதற்காகவும், அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் மூச்சுவிட்டு ஆறுவதற்காகவும் அந்நாள் ஏற்பட்டதென்று கூறும். எசமானனுடைய பக்தி வளர்வதற்காக என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. தன் விருப்பப்படி ஓய முடியாதவர்களை ஓய வைப்பதற்கு எழுந்த சட்டம் அது.

ஆகவே, நியமம் ஒருபுறமும் இரக்கம் மறுபுறமும் நின்று பொருதன என்று தொடக்கத்திலேயே பிரித்துக் கொள்வது தவறாகும். இரக்கமே நியமமாக எழுதப்பட்டது. இரக்கம் மனநிலையாக மட்டும் நின்றிருப்பின், அறுவடை நெருக்கத்தில் அது மறைந்துவிடும். யாத்திராகமத்தின் 34ஆம் அதிகாரம் உழவுகாலத்திலும் அறுவடைக்காலத்திலும் ஓய்க என்று தனித்து வற்புறுத்துவது இதனாலேயே. மழை மேகம் கூடிவர வெட்டிய கதிர் வயலிற் கிடக்கும் வேளையில், எந்தப் போடியாரும் முல்லைக்காரனை மனமுவந்து வீட்டுக்கு அனுப்பமாட்டார். அவ்வேளையிலேதான் சட்டம் கடுமையாய் இருத்தல் வேண்டும்.

கடுமையின் இந்தப் பயன் தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் காணப்படும். ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் வரும் தானிய வணிகர், ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கி எப்போது விற்கலாம் என்று ஏங்குகின்றனர். அவர்களுக்கு ஓய்வுநாள் இடையூறு. அவர்களிடம் வாங்குவோருக்கோ அது ஒருநாட் காவல். நெகேமியா 13ஆம் அதிகாரத்திலே, ஓய்வுநாளில் ஆலை மிதிப்பதையும் கழுதைமேற் சுமையேற்றுவதையும் தீரு நாட்டார் மீன் விற்பதையும் கண்ட ஆளுநர், பொழுது மங்கும்போதே எருசலேமின் வாயில்களை அடைப்பித்தார். வணிகர் ஓரிரு முறை மதிற்புறத்தே இராத்தங்கினர். பின்னர் அவர் மிரட்டியதால் வருவதை விட்டனர். இன்று இதனைப் படிப்போருக்கு அதிகாரியின் முரட்டுத்தனமே முதலில் தோன்றலாம். ஆயின், சந்தை நாள்முழுதும் திறந்திருந்தால் ஓய முடியாமற் போவோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

எனினும், சட்டம் ஒருமுறை இறுகிவிட்டால் தான் எதற்காக எழுந்ததோ அதனையே மிதித்துச் செல்லவும் கூடும். எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளிலே விறகு பொறுக்கிய ஒருவன் பிடிபட்டு, பாளையத்துக்கு வெளியே கல்லெறிந்து கொல்லப்படுகின்றான். அவன் பெயர் இல்லை; எதற்காகப் பொறுக்கினான் என்பதும் இல்லை. விறகு பொறுக்குபவன் செல்வனாயிருத்தல் அரிது. பிற்காலத்து யூத அறிஞருள் அக்கிபா அவன் இன்னான் என்று ஊகித்துப் பெயர் கூறியபோது, வேதம் மறைத்த பெயரை நீ ஏன் வெளிப்படுத்துகிறாய் என்று இன்னோர் அறிஞர் கடிந்துகொண்டதாகத் தால்முத்து கூறும். தண்டனையை மாற்ற முடியாதவர்கள் அவன் பெயரையாவது காத்தார்கள். சட்டத்தின் உள்ளிருந்தே இரக்கம் வழிதேடிய விதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பது எளிதன்று.

வரலாற்றில் இந்நெருக்கடி உச்சமடைந்தது கி.மு. 167ஆம் ஆண்டளவில் ஆகும். செலூக்கிய மன்னன் அந்தியோக்கு யூதசமய ஒழுக்கங்களைத் தடைசெய்தபோது, பற்றுறுதி கொண்ட சிலர் மனைவி மக்களோடும் கால்நடைகளோடும் பாலைநிலக் குகைகளில் ஒளித்தனர். படைகள் ஓய்வுநாளைத் தேர்ந்து தாக்கின. அவர்கள் கல்லெறியவும் இல்லை. குகைவாயிலை அடைக்கவும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம்பேர் மடிந்தனர் என மக்கபேயர் முதல் நூல் கூறுகின்றது. செய்தி கேட்ட மத்தத்தியாவும் அவர் தோழரும் துக்கம் கொண்டாடியபின் ஒரு முடிவுக்கு வந்தனர்: ஓய்வுநாளிலே தாக்கப்பட்டால் எதிர்த்து நிற்பது. உயிர்காக்க ஓய்வுநாளை மீறலாம் என்ற கொள்கை எந்தக் கல்விக்கூடத்திலும் பிறக்கவில்லை. ஆயிரம் பிணங்களின்மேற் பிறந்தது. அப்போதும் அது அரைகுறையாகவே இருந்தது. கி.மு. 63இல் எருசலேமை முற்றுகையிட்ட உரோமத் தளபதி பொம்பேயு, நேர்த்தாக்குதலை மட்டுமே யூதர் ஓய்வுநாளில் எதிர்ப்பர் என்பதை அறிந்து, அந்நாட்களில் தாக்காது மண்மேடு எழுப்புவதை மட்டும் செய்வித்தான் என்று யோசேப்பு எழுதுகின்றார்.

இனி மாட்டிடம் மீளலாம். கெய்ரோ நகரத்துப் பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் ஏட்டறையிற் கிடைத்து 1910இல் அச்சேறியதும், 1947க்குப் பின் சாக்கடலோரக் கும்ரான் குகைகளிலே துண்டுதுண்டாகக் கிடைத்ததுமான நூலொன்று தமஸ்கு ஆவணம் எனப்படும். துறவிகளைப் போல் ஒதுங்கி வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் சட்டநூல் அது. ஓய்வுநாளிலே ஈனும் விலங்குக்கு உதவுதல் ஆகாது. கன்று குழியில் விழுந்தாலும் தூக்குதல் ஆகாது. மனிதன் நீரில் விழுந்தால் ஏணியோ கயிறோ கருவியோ கொண்டு தூக்குதல் ஆகாது என்று அது விதிக்கின்றது. வாவிக்கரையில் வாழ்வோருக்கு இதைப் படிக்க நெஞ்சு கூசும். ஆனால் கும்ரானிற் கிடைத்த இன்னொரு துண்டு இவ்விதிக்கு ஒரு துணைவிதியை வைத்திருக்கின்றது. நீரில் விழுந்தவனுக்குத் தன் மேலாடையை வீசி அதைப் பற்றச் செய்து தூக்கலாம் என்பதே அது. கருவியைச் சுமந்து வருதல் வேலை. உடுத்த ஆடையோ சுமையன்று. விதியைப் பிளக்காமல் விதியின் இடுக்கு வழியே கைநீட்டிய இந்த மேலாடையைக் கண்டபின், இறுகிய கூட்டம் எனப்பட்டவர்களையும் இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்க இயலாது.

கும்ரானாரோடு ஒப்பிடும்போது பரிசேயர் வழிவந்த யூத ஆசிரியர்கள் மிகத் தளர்ந்தவர்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்ணா, ஓய்வுநாளில் விலக்கவேண்டிய தலைமைத் தொழில்கள் முப்பத்தொன்பதை எண்ணுகின்றது. விதைத்தல், உழுதல், அறுத்தல், கதிர்கட்டல், போரடித்தல், தூற்றல் எனத் தொடங்கும் அந்த நிரலைப் படுவான்கரைக் கமக்காரர் ஒருவர் கண்டால் தம் வருடக் கணக்கென்றே எண்ணுவார். அதே நூல்தான், உயிருக்கு ஆபத்தோ என்ற ஐயம் ஒன்று எழுந்தாலே ஓய்வுநாள் விலகி நிற்கும் என்றும் விதிக்கின்றது. சுவர் இடிந்து ஒருவன்மேல் விழுந்தால், அவன் அங்கு உளனோ இலனோ, உயிரோடிருக்கின்றானோ இறந்தானோ என்று தெரியாதபோதும் இடிபாட்டை அகற்றல் வேண்டும். ஓய்வுநாள் மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டதேயன்றி மனிதர் ஓய்வுநாளிடம் ஒப்படைக்கப்பட்டாரல்லர் என்ற கருத்து, யாத்திராகமத்துக்கான பழைய யூத உரையிலும் ஓர் ஆசிரியர் பெயரால் வழங்குகின்றது. குழியில் விழுந்த விலங்கின் பொருட்டோ, தால்முத்து ஒரு நயமான வழி கூறும்: அங்கேயே தீனி கொடுக்கலாம், கீழே மெத்தையும் தலையணையும் இடலாம், அது தானாக ஏறி வந்தால் வரட்டும்.

ஆசிரியர்களுக்குள்ளும் ஒருமைப்பாடு இருந்ததில்லை. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் ஏழைகளுக்கு ஈதலும் நோயாளிக்காக வேண்டுதலும் ஆகா எனச் சம்மாயியின் வழியினரும், ஆகும் என இல்லேலின் வழியினரும் வழக்காடினர். இல்லேல் இளமையில் வறியவர். பாடசாலைக்குக் கூலிகொடுக்க முடியாத ஒருநாள், கூரையின் சாளரத்தில் ஏறிக் கிடந்து பாடங்கேட்டு, பனியில் உறைந்து போனார் என்றும், விடிந்தது ஓய்வுநாளாயிருந்தும் ஆசிரியர்கள் அவரை இறக்கிக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்துத் தீ மூட்டிக் குளிர்காய வைத்தனர் என்றும் ஒரு கதை உண்டு. ஓய்வுநாளில் தீ மூட்டுவது வேதம் நேரே தடுத்த செயல்.

இவ்வளவும் கூறியது, நற்செய்தி நூல்களில் வரும் வழக்கின் உண்மையான எல்லையைக் காண்பதற்காகவே. கிறித்தவ மேடைகளில் நெடுங்காலமாக ஒரு படம் தீட்டப்பட்டு வருகின்றது. பரிசேயர் என்பார் சாகக் கிடப்பவனையும் தொடமாட்டாத கல்நெஞ்சர். இயேசுவே இரக்கத்தை உலகுக்கு முதலிற் கொணர்ந்தவர் என்பது அப்படம். தமிழில் பரிசேயன் என்ற சொல்லே வேடதாரி என்று பொருள்படுமளவுக்கு இப்படம் வேரூன்றிவிட்டது. யூதரை ஐரோப்பா எவ்வாறு நடத்திற்று என்பதை அறிந்தபின் இப்படத்தை மாசற்றதாகக் கொள்வது கடினம். அது வரலாற்றுக்கும் பொருந்தாது. நற்செய்தி நூல்களின் சொற்களுக்கும் பொருந்தாது.

ஓய்வுநாளிலே இயேசு குணமாக்கியவர்களை ஒருமுறை வரிசையாக நோக்குதல் நன்று. சூம்பிய கையுடையவன்; பதினெட்டு ஆண்டு கூனியிருந்தவள்; நீர்க்கோவை நோயாளி; முப்பத்தெட்டு ஆண்டு படுக்கையிற் கிடந்தவன்; பிறவிக்குருடன். இவர்களுள் எவர்க்கும் அன்றே உயிர் போகும் நிலை இருந்ததாக நூல்கள் கூறவில்லை. சாகக் கிடந்தவர்கள் என்றால் பரிசேயரும் தடுத்திரார். பிரச்சினை அங்கில்லை. பதினெட்டு ஆண்டு பொறுத்தவள் இன்னும் ஒருநாள் பொறுக்கக் கூடாதா என்பதே பிரச்சினை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் தொழுகைக்கூடத் தலைவர் கேட்டதும் இதுவே: வேலைசெய்ய ஆறு நாள் உண்டே, அந்நாட்களில் வந்து குணமடையலாமே என்றார். இதில் கொடுமையில்லை. ஒழுங்கறிந்த எந்த அலுவலரும் கூறக்கூடிய சொல் அது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும். காத்திருக்க வேண்டியது சில மணிநேரமே. மாற்கு முதலாம் அதிகாரத்திலே கப்பர்நாகூம் மக்கள் அவ்வாறே செய்கின்றனர். ஞாயிறு மறைந்தபின்பே நோயாளிகளைச் சுமந்து வருகின்றனர். அவர்களை எவரும் கடியவில்லை.

தலைவருக்கு இயேசு கூறிய மறுமொழி கழனியிலிருந்து எடுத்தது. ஓய்வுநாளில் உங்களில் யார் தொழுவத்து மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டாமலிருக்கின்றீர்கள்? பதினெட்டு ஆண்டு கட்டுண்ட இவளை இந்நாளில் அவிழ்க்கக் கூடாதா? இதுவே அவ்வாதத்தின் பொருள். தண்ணீருக்காக ஒரு மாடு பொழுதுபடும்வரை காத்திருந்தாலும் இறந்துவிடாது. இருந்தும் எவரும் காக்க வைப்பதில்லை, அதன் தாகம் கண்ணுக்குத் தெரிகின்றது. மனிதர் துன்பம் நாட்பட நாட்படப் பழக்கமாகி, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. உயிராபத்து என்ற அளவுகோல் சட்டத்துக்கு எல்லை வகுத்துத் தருவது. எனினும் நாட்பட்ட துன்பத்தை அது அளக்கமாட்டாது. இன்னும் ஒருநாள் என்று சொல்பவர் துன்புறுபவர் அல்லர் என்பதே இவ்வாதத்தின் கூர்மை. உபாகமம் ஓய்வுநாளுக்குக் கூறிய காரணமும் கட்டவிழ்ப்பே ஆதலின், அவிழ்த்தற்கு அந்நாளைவிடப் பொருந்திய நாள் வேறில்லை என்ற கருத்தும் இதனுள் அடங்கும்.

கதிர்கொய்த நிகழ்ச்சியிலும் இத்தகைய ஒரு நுட்பம் உண்டு. அயலான் விளைநிலத்தில் கையாற் கதிர்கொய்து தின்பதை உபாகமம் 23ஆம் அதிகாரம் அனுமதிக்கின்றது. அரிவாள் இடுவதே தவறு. ஆகவே சீடர்கள்மேற் களவுக்குற்றம் இல்லை. கொய்தல் அறுப்பாகும், கையிற் கசக்கல் போரடிப்பாகும் என்பதே குற்றச்சாட்டு. மாற்கும் லூக்காவும் கூறாத ஒரு சொல்லை மத்தேயு 12ஆம் அதிகாரத்திற் சேர்க்கின்றார்: சீடர்கள் பசியாயிருந்தனர். பலியினும் இரக்கத்தை இறைவன் விரும்புகின்றான் என்ற ஓசெயா தீர்க்கதரிசியின் கருத்தை இவ்விடத்தில் எடுத்தாள்பவரும் மத்தேயு ஒருவரே. பசி என்ற சொல்லும் இரக்கம் என்ற சொல்லும் அவர் நூலில் ஒன்றையொன்று அழைத்து வருகின்றன. ஓசெயாவின் எபிரேயச் சொல், உறவின்பாற் கொண்ட மாறா அன்பு என்ற விரிந்த பொருளையுடையது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனை இரக்கம் என்றனர். ஓரளவு சுருங்கினும் பசிக்கு அச்சொல்லே நெருங்கியது.

பசியையும் வேள்வியையும் எதிரெதிர் நிறுத்தும் கதை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், தாயாற் கைவிடப்பட்டுப் பசுவின் பாலுண்டு பிழைத்து, அந்தணர் ஊரில் வளர்ந்தவன். வேள்விக்கெனக் கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பட்ட பசுவொன்று அஞ்சிக் கதறுவதைக் கண்டு, நள்ளிரவில் அதனை அவிழ்த்துக் கொண்டு போகின்றான். பிடிபட்டு அடிபடுகின்றான், வளர்த்த தந்தையும் துறக்கின்றான். மதுரையை அடைந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்திலே தங்கி, இரந்த சோற்றைக் குருடர், செவிடர், முடவர், நோயாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்கின்றான். மழை இருள் கொண்ட ஓரிரவில் பசித்தோர் சிலர் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றிக் கலங்கிய வேளையிலே அவனுக்கு அமுதசுரபி கிட்டுகின்றது. விடியட்டும் என்று அவன் சொல்லியிருந்தால் கதையே இல்லை. சாத்தனார் பௌத்தச் சார்பில் நின்று வேள்வியைக் கடிந்தார் என்பது உண்மையே. ஓசெயாவுக்கும் சாத்தனாருக்கும் இடையே ஒரு வேறுபாடும் உண்டு. சாத்தனார் வேள்வியை வெளியே நின்று மறுத்தார். எபிரேயத் தீர்க்கதரிசி தம் மக்களின் பலிபீடத்தருகே நின்றே பேசினார்.

மட்டக்களப்பு மண்ணின் கண்ணகி வழிபாட்டையும் இங்கு ஒருசேர நோக்கலாம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசியில் நிகழும் சடங்கு நியமத்தால் மிகக் கடுமையானது. ஆண்டிற் பெரும்பகுதி அடைத்திருந்த கதவு அப்போதே திறக்கும். அச்சடங்கின் முடிவு குளிர்த்தி. நீதி கேட்டுக் கொதித்த தெய்வத்தைக் குளிரச் செய்தலே அதன் நோக்கம். கடும் நியமம் அனைத்தும் இரக்கத்தை வேண்டுவதில் முடிவது கருதத்தக்கது. சிலப்பதிகாரக் கண்ணகியும் மதுரையை எரிக்க ஏவுங்கால் அறவோர், பசு, பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழவியர் முதலியோரை விலக்கியே ஏவினாள்.

கிறித்தவ சமயம் அரச சமயமானபோது ஓய்வுநாள் வேறு உருக்கொண்டது. உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் 321ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமையை நீதிபதிகளுக்கும் நகரத்தாருக்கும் ஓய்வாக்கினான். விதைக்கவும் கொடிநடவும் ஏற்ற பருவம் தவறிப்போகக் கூடாது என்று கூறி, உழவருக்கு மட்டும் வேலைசெய்ய அனுமதி அளித்தான். அனுமதி என்று பார்த்தால் அது இரக்கம். நிலம் பெரிதும் செல்வர் கையிலும் உழைப்பு எளியோர் கையிலும் இருந்த நாட்டில், உழவுகாலத்திலும் ஓய்க என்ற யாத்திராகமக் கட்டளை எவரைக் காத்ததோ, அவரையே அவ்வனுமதி கைவிட்டது. அதே ஆண்டில் அம்மன்னன் இன்னோர் ஆணையும் விடுத்தான்: ஞாயிற்றுக்கிழமை வழக்காடுதல் ஆகாது, அடிமைகளை விடுவிப்பது மட்டும் ஆகும் என்பது. உபாகமத்தின் நினைவு அதிலே எவ்வாறோ எஞ்சியிருந்தது.

இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஞாயிற்றுக்கிழமையைப் பழைய ஏற்பாட்டு ஓய்வுநாளாகவே ஆக்க முயன்றனர். 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் ஞாயிறு வழிபாட்டுக்குப்பின் ஆடலும் விளையாட்டும் தகும் என்று அறிக்கை விட்டது அவர்களுக்கு எதிராகவே. அம்மரபின் ஒரு கிளை வெசிலியரிடம் வந்தது. 1743இல் ஜோன் வெசிலி தம் சங்கத்தாருக்கு எழுதிய பொதுவிதிகளில், ஆண்டவரின் நாளிலே அன்றாட வேலையும் வாங்கலும் விற்றலும் விலக்கப்பட்டன. பசித்தோருக்கு உணவும் நோயாளரைச் சந்தித்தலும் விதிக்கப்பட்டன. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, அடுத்த ஆண்டே அங்கு உயிர்நீத்தார். அவருடைய கல்விப்பணியின் தொடர்ச்சியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அப்பணியோடு வெசிலியின் ஞாயிறும் வாவிக்கரைக்கு வந்தது.

வந்தவர்கள் ஊரார் விரதங்களையும் சடங்குகளையும் வெற்று நியமம் என்றனர். ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர்; அந்நூலைப் பாதிரிமாருக்குக் குறையாது கற்றவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், சைவர் சடங்குகளுக்கு ஒப்பானவை விவிலியத்திலேயே விதிக்கப்பட்டுள்ளன என்று காட்டி விடையிறுத்தது. நாவலர் பழைய ஏற்பாட்டு நியமங்களைப் பற்றிக்கொண்டார். மிசனரிமார் தீர்க்கதரிசிகளின் குரலைப் பற்றிக்கொண்டனர். ஒரு நூலின் இரு பக்கங்களையே இருவரும் படித்தனர் எனலாம். தம் ஞாயிற்றை நியமம் என்றெண்ணாது, அயலார் விரதத்தை மட்டும் நியமம் என்றெண்ணியது மிசனரிமாரின் குறையாகும்.

ஓய்வுநாள் யாருடையது என்ற வினா இலங்கையில் அரசியலாகவே எழுந்தது 1966இல். டட்லி சேனாநாயக்கா அரசு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு போயா நாட்களையும் வார ஓய்வாக்கியது. பௌத்த மக்கள் அந்நிய ஆட்சியில் இழந்த புனிதநாளை மீட்பது அதன் நோக்கம்; அந்நோக்கத்தில் நியாயம் இருந்தது. கிறித்தவர்கள் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் செல்லவேண்டிய வேலைநாளின் இருபுறத்து இடைவெளிகளில் ஞாயிறு வழிபாட்டைப் பொருத்திக்கொள்ள வேண்டியவர்களாயினர். ஞாயிறு அரச விடுமுறையாயிருந்த நெடுங்காலமும் பிற சமயத்தார் தம் புனிதநாட்களை இவ்வாறே பொருத்தி வந்தனர் என்பதை அப்போது அவர்களுள் எத்தனைபேர் எண்ணினரோ! பிறையின் கணக்கு ஏழுக்குள் ஒழுங்காய் அடங்குவதில்லை. ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் சிலபோது ஏழு நாளும் சிலபோது எட்டு நாளும் இடைவந்தமையால் வாரமே நீண்டு குறுகியது. வெளிநாட்டு வாணிகத்துக்கும் அது ஒத்துவரவில்லை. 1971இல் சனி ஞாயிறு மீண்டன; முழுமதிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

இம்மாற்றங்கள் எல்லாம் கச்சேரிக்கும் பாடசாலைக்கும் வங்கிக்கும் உரியன. பழுகாமத்து வட்டையில் நாட்கூலிக்கு இறங்கியவர்களின் வாழ்வில் 1966உம் 1971உம் ஒன்றையும் மாற்றவில்லை. ஞாயிறாயினும் போயாவாயினும் வேலையற்ற நாள் அவர்களுக்குக் கூலியற்ற நாள். களைபறிக்கும் பெண்ணுக்கு அடுப்பெரியாத நாள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், பத்துக் கட்டளைகள் அருளப்படுவதற்கு முன்னமே, பாலைநிலத்தில் மக்கள் முதன்முதலாக ஓய்வுநாளைக் காக்கின்றனர். அன்றன்றைக்குரிய மன்னா மட்டுமே பெய்துவந்த அவ்விடத்தில், ஆறாம் நாள் மட்டும் இரு நாளுக்குப் போதுமான உணவு பெய்தது. அதன் பின்னரே ஏழாம் நாள் எவரும் தம் இடம்விட்டு அகலலாகாது என்று விதிக்கப்பட்டது.